துரை கடியாரம்

மூன்று வாரமாகச் சுதாராணிக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நூலகத்தில் எடுத்த நாவலில் ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் எழுந்து முன்னறைக்குப் போய்விடுவாள். போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று காலண்டரைப் பார்ப்பாள், ஜன்னல் கம்பியைத் துடைப்பாள், ஒன்றும் கிடைக்காவிட்டால் மின்விசிறியைப் போட்டு அணைப்பாள். கண் மட்டும் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் போய் நிற்கும். கடிகாரம் அங்கேயே இருக்கும், நாலு இருபதைக் காட்டிக்கொண்டு. அது எங்கே போகும்? ஐம்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

"ஏட்டி, காலில சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மதினி பொன்மணி. "சும்மா சுத்துதவ உக்காந்து இந்தப் பயறையாவது பொடைச்சுத் தாயேன்."

சுதாராணி முறத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி எழுந்துவிட்டாள்.

அந்த வீட்டில் அதற்குத் துரை கடியாரம் என்று பேர். தாத்தா காலத்தில், தூத்துக்குடியில் ஏதோ கப்பல் கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார். தாத்தா எடுத்தது ஒரு தேக்கு மேஜை. கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அதன் இழுப்பறைக்குள் இந்தக் கடிகாரமும் ஒரு சாவியும் இருப்பது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கலாமென்றால் துரை கப்பல் ஏறிவிட்டார்.

ஒரு சாண் உயரம் இருக்கும். பொன்முலாம் பூசிய பித்தளைச் சட்டம். நாலு பக்கமும் கண்ணாடி, மேல்பக்கமும் கண்ணாடி, தலையில் ஒரு கைப்பிடி. தூக்குவாளியைப் போல் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியதே இல்லை. அப்பா தங்கச்சாமி ஆயுத பூஜைக்கு மட்டும் அதை இரண்டு கையாலும் அசங்காமல் எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, அசங்காமல் திரும்ப வைப்பார். கோவில்பட்டி, திருநெல்வேலி, மதுரை என்று மூன்று ஊர்க் கடைகளுக்கு மடியில் வைத்தே கொண்டுபோயிருக்கிறார். மூன்று கடைக்காரர்களும் சாவியை ஒரு சுற்று மட்டும் கொடுத்துப் பார்த்து, காதை வைத்துப் பார்த்து, "இதுக்கு உசிர் இல்ல அண்ணாச்சி" என்று கையை விரித்தார்கள். பிரித்துப் பார்க்கிறேன் என்றதற்கு அப்பா விடவில்லை.

அது வண்டியில் கொண்டுபோவதற்கென்றே செய்த கடிகாரம் என்பது சுதாராணிக்குத் தெரிந்தது ஒரு மொழிபெயர்ப்பு நாவலில். பனியில் மூன்று நாள் குதிரை வண்டியில் போகும் ஒரு பெண், இறங்கும் சத்திரத்திலெல்லாம் கைப்பிடி வைத்த சின்னக் கடிகாரம் ஒன்றை எடுத்து மேஜையில் வைப்பாள். அதை வைத்த பிறகுதான் தொப்பியைக் கழற்றுவாள். படித்துக்கொண்டிருந்த சுதாராணி நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். பயணத்துக்கென்று பிறந்த ஒன்று, உப்புமா வாசனை வரும் ஒரு முன்னறையில், தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய கோப்பைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா ஆவணியில் இறந்தார். கார்த்திகையில் காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வாங்கும் நந்தகோபால் என்பவர் வந்தார். அண்ணன் விஜயராஜ் தீப்பெட்டி ஆபீஸில் இருந்த நேரம். ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை எல்லோரும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நந்தகோபால் மேஜைக்கு ஒரு விலை சொன்னார், சாய்வு நாற்காலிக்கு ஒரு விலை சொன்னார், ஓட்டையான வெண்கல அண்டாவுக்குக்கூட ஒரு விலை சொன்னார். அலமாரியின் முன்னால் வந்தபோது பேச்சு நின்றது. குனிந்து பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பினார். திரும்பவும் அலமாரிக்கு வந்தார். மூன்று தடவை வந்தும் அதன் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாவல் படிக்கிறவளுக்கு இது போதாதா?

"அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?" என்றாள் சுதாராணி.

அவர் அவளை ஒரு கணம் நிதானித்துப் பார்த்தார். "உங்க அண்ணன் வந்தா சொல்லுவேன். இல்ல, நீங்க கேட்டா உங்ககிட்ட சொல்லுவேன். யார்கிட்ட சொல்லட்டும்?"

"எங்கிட்ட."

அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் கடிகாரத்தில் இருந்த எழுத்தையும் எண்ணையும் பார்த்து எழுதி, தான் படிக்க நினைக்கும் படிப்புக்கு அது காணுமா என்றும் கேட்டு அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிட வைத்திருக்கும் குரோனோமீட்டர் என்ற துல்லியமான கடிகாரத்தின் எந்திரத்தையே இந்தச் சின்னப் பெட்டிக்குள் அடக்கியிருக்கிறார்கள், இப்படிச் செய்தவை சொற்பம், தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரி இதுதான்: 'ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. உங்கள் பொருளாகக் கொண்டுவாருங்கள். நீங்கள் எழுதிய இரண்டு வருஷப் படிப்புக்கும் தாராளமாகக் காணும்.'

அவள் எழுதியிருந்த படிப்பு ஹைதராபாத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பில் படித்துப் படித்து, மூலத்தில் அந்தப் பனி எப்படிப் பெய்யும் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ரஷ்ய மொழி. ஜூனில் சேர வேண்டும்.

அதை அண்ணனிடம் சொன்னபோது அவன் தீக்குச்சி மருந்து படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "ரஷ்யாக்காரனுக்குத் தீப்பெட்டி விக்கப் போறியாக்கும்? போடி, அவன் ஊர்ல நம்ம குச்சி நமுத்துப் போகும்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "புது ஷெட்டுக்கு லோன் போடுதேன். இந்த வருஷம் வேற ஒண்ணுக்கும் எங்கிட்ட ஏது? அடுத்த வருஷம் உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றான். கெட்டவன் இல்லை. கணக்கைத் தவிர வேறு மொழி அவனுக்கு வராது, அவ்வளவுதான்.

புது ஷெட் வரவேண்டிய இடம் பசுவந்தனை பக்கத்தில் அப்பா விட்டுப்போன கரிசல் நிலம். அதற்கு அம்மாவும் தங்கையும் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படிப் பெண்கள் எழுதிக் கொடுக்கும் நாளில் அண்ணன் தம்பிமார் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். இவர்கள் சொந்தபந்தத்தில் அதோடு இன்னொன்றும் உண்டு. வீட்டில் இருக்கும் ஒரு பொருளை, எதுவானாலும், அவள் கேட்கலாம். கேட்டதைக் கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. பத்திர ஆபீஸ் வாசலில், கையெழுத்துக்கு முன்னால், அண்ணன் தன் கையால் எடுத்துத் தங்கை கையில் கொடுக்க வேண்டும்.

பெரிய அத்தை வேலுத்தாய் ஆட்டுரலைக் கேட்டாள். பத்திர ஆபீஸ் இருக்கும் ஓட்டப்பிடாரம் வரைக்கும் மாட்டுவண்டியில் ஆட்டுரல் போய், அண்ணன் தொட்டுக் கொடுத்ததும் அத்தையோடு திரும்பி வந்தது. சின்ன அத்தை சினைமாட்டைக் கேட்டாள். ஓட்டிக்கொண்டு போகும்போது வழியிலேயே அது கன்று போட்டுவிட, கன்று யாருக்கு என்று இரண்டு நாள் பேச்சு நடந்து, கடைசியில் அத்தையோடு போனது. அம்மா முத்துமாரியம்மாள் தன் பிறந்த வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லையாம். சேலை போதும் என்றுவிட்டாளாம். அதை இரண்டு வீட்டாரும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அம்மா மட்டும் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"துரை கடியாரம்" என்று சுதாராணி கேட்டபோது விஜயராஜுக்குப் புரையேறிவிட்டது.

"ஓடாத கடியாரத்த வச்சிட்டு என்னட்டி செய்யப் போற?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாதுல்லா அண்ணே."

"சரி தாயி, கேக்கல. ஓடாத கடியாரம் உனக்கு. எடுத்துக்கோ."

"கிரைண்டரக் கேட்டிருக்கலாம். போற எடத்துல மாவாட்டவாவது ஆகும்" என்றாள் பொன்மணி. ஆனால் அதற்குப் பிறகு அவள் அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் கடிகாரத்தை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்ப்பதைச் சுதாராணி கவனித்தாள். அன்றிலிருந்துதான் இந்தச் சுற்றல். யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களோ, நந்தகோபால் அண்ணனுக்கே எழுதிவிடுவாரோ, அண்ணன் மனசு மாறிவிடுமோ. பத்திரம் பதியும் நாள் மாசி மாதம் ஒரு புதன்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின வாரம், எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போன ஒரு மதியத்தில், அவள் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக் கடிகாரத்துக்குக் கொடுத்துப் பார்த்தாள். பதினாறு சுற்று. நன்றாக முறுக்கேறி நின்றது. காதை வைத்தாள். ஒன்றுமில்லை. கடைக்காரர்கள் சொன்னது சரிதான் போல.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு வாடகை அம்பாசிடர் வந்தது. டிரைவர் சங்கரபாண்டிதான் சாட்சிக் கையெழுத்தும் போடப் போகிறவன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பத்திரம் பதிந்துவிட வேண்டும். முன்னால் விஜயராஜ், பின்னால் அம்மாவும் சுதாராணியும். கடிகாரம் துண்டில் சுற்றி அவள் மடியில் இருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்தது. பருத்தி வெடித்திருந்தது. சில இடங்களில் கொத்தமல்லி அறுத்துப் போட்ட வாசனை கார் ஜன்னலுக்குள் வந்து வந்து போனது. சுதாராணி எதையும் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம், இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தாள்.

பசுவந்தனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதகு. அதன்மேல் சாலை சட்டென்று வலது பக்கம் ஒடியும். ஒடியும் இடத்தில் வெள்ளாட்டுக் கூட்டம் நின்றது. சங்கரபாண்டி ஒரே வெட்டாக வெட்டித் திருப்பினான். அம்மா கதவில் சாய்ந்தாள். கடிகாரம் துண்டோடு வழுக்கி, சுதாராணியின் மடியிலேயே அரைச் சுற்றுச் சுற்றியது. அவள் பதறிக் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

தொடையில் ஏதோ துடித்தது. கோழிக்குஞ்சைத் துணியில் பொதிந்து வைத்தால் துடிக்குமே, அப்படி. முதலில் தன் நாடி என்றே நினைத்தாள். ஆனால் அவள் நாடி அந்த நேரம் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. இதுவோ அரை வினாடிக்கு ஒன்றாக, கொஞ்சமும் பிசகாமல், யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அடித்தது.

ஓடுகிறது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஓடுகிறது. அதுவும் இன்றைக்கா? இந்தக் காருக்குள்ளேயா? அவள் துண்டை இன்னும் இரண்டு மடிப்பாகச் சுற்றினாள். அம்பாசிடரின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரைச்சல் இருக்கும்வரை.

அடுத்த திருப்பத்தில் சாலை முழுக்க உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரத்தில் உளுந்து உதிரட்டும் என்று. ஓரத்தில் நின்ற ஒரு பெண் கையை ஆட்டி, "நல்லா மேல ஏத்தி ஓட்டுங்கய்யா! பெரிய வண்டியே வரல இன்னிக்கு!" என்று கத்தினாள். சங்கரபாண்டி ஏற்றினான். நாற்பது அடி போனதும் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். செடி சுற்றிக்கொண்டுவிட்டது.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி, உருவி எடுத்துருதேன்" என்று என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிக் காருக்கு அடியில் படுத்தான்.

கரிசல் காட்டில் காற்று விழுந்துவிட்டால் வரும் அமைதிக்கு ஈடே கிடையாது. அந்த அமைதியில், துண்டு ஐந்து மடிப்பாக இருந்தும், டிக், டிக், டிக்.

"என்னட்டி சத்தம்?" என்று விஜயராஜ் திரும்பினான்.

"கார்லதான் ஏதோ…"

"கார் நிக்குதுல்லா?"

அம்மா மெதுவாகக் கையை நீட்டித் துண்டின்மேல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. பிறகு அவள் துண்டைப் பிரித்தாள். வெயிலில் பித்தளை மின்னியது. மேல்கண்ணாடி வழியே ஒரு சக்கரம் அப்படியும் இப்படியும் வீசி ஆடுவது தெரிந்தது. அதன் விளிம்பில் சின்னச் சின்னத் திருகாணிகள்.

"அவியதான்" என்றாள் அம்மா. அவளுடைய இரண்டு கையும் தன்னால் குவிந்தன. "அவிய உசிரோட இருந்த வரைக்கும் ஓடாதது… இன்னிக்கு அவிய வந்துட்டாவ."

விஜயராஜ் காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பின்கதவைத் திறந்து, நடுரோட்டில் கடிகாரத்தைக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. அவன் நடிக்கவில்லை என்பதுதான் சுதாராணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்பா உத்தரவு குடுத்துட்டாவ" என்றான். "ஷெட்டு போடுலேன்னு சொல்லுதாவ. இத புது ஆபீஸ்ல எம் மேஜை மேல வைக்கணும்."

"அண்ணே, அது எனக்குக் குடுத்தது."

"உனக்கு வேற கேட்டுக்கோ சுதா. டிவிய எடுத்துக்கோ. கலர் டிவி."

"கேட்டதக் குடுக்கணும்ல?"

"நீ கேட்டது ஓடாத கடியாரம். அது இப்ப எங்க இருக்கு?"

"சின்னத்தை மாடு வழியில கன்னு போட்டப்ப கன்னையும் சேத்துத்தானே குடுத்தாவ?"

காருக்கு அடியிலிருந்து சங்கரபாண்டியின் சிரிப்பு கேட்டது. விஜயராஜ் காலால் டயரைத் தட்டினான். "ஏலே, நீ செடிய உருவு." பிறகு தங்கையைப் பார்த்து, "மாடு கன்னு போடும்னு தெரிஞ்சுதான் குடுத்தாவ. செத்த மாடு எந்திரிச்சி நடந்தா எவனாவது குடுப்பானா? ஓடுத கடியாரம் வீட்டு லச்சுமி. அத வெளிய அனுப்ப முடியாது" என்றான்.

அம்மா கடிகாரத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

மிச்ச வழி முழுக்கச் சுதாராணியின் மனசு கூண்டில் அடைத்த அணில் மாதிரி ஓடியது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் லோன் நிற்கும், ஷெட் நிற்கும், அம்மாவையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே எல்லோர் முகத்திலும் விழித்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஹைதராபாத் வராது. உண்மையைச் சொல்லலாம். இதன் மதிப்பு தெரிந்தால் அண்ணன் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். ஓடாத கடிகாரமாக இருந்தவரைக்கும் அது அவளுடையது. ஓட ஆரம்பித்த நிமிஷத்தில் அவனுடையதாகிவிட்டது. பயணத்துக்குச் செய்த பொருள் பயணம் போனதும் ஓடியது, அதில் அதன் குற்றம் என்ன?

எப்படி ஓடியது? அதைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். மதகு. வெட்டித் திருப்பியது. மடியில் அரைச் சுற்று. சாவி கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு சுழற்றும் வேண்டும் போலிருக்கிறது. யாராவது அதைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, சாதாரணமாக ஒரு திருப்புத் திருப்பி வைத்திருந்தால் ஐம்பது வருஷம் ஓடியிருக்கும். அத்தனை மரியாதையாக, அசங்காமல் எடுத்து அசங்காமல் வைத்ததுதான் தப்பு.

அப்படியென்றால், ஒரு சுழற்றில் ஓடியது இன்னொரு சுழற்றில் நிற்காதா?

ஓட்டப்பிடாரத்தில் பத்திர ஆபீஸ் வராந்தாவில் கூட்டமாக இருந்தது. விஜயராஜ் பத்திரம் எழுதுகிறவரின் மேஜைக்குப் போய்விட்டான். சங்கரபாண்டி எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவக் குழாயைத் தேடிப் போனான். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வினாடி முள் அரை அரை வினாடியாக எட்டு வைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவைச் சுதாராணி பார்த்ததில்லை.

"கை வலிக்கும்மா. கொஞ்ச நேரம் தா."

அம்மா கொடுத்தாள்.

சுதாராணி வராந்தாக் கோடிக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றாள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். மேல்கண்ணாடியில் சக்கரம் வீசி ஆடியது. அது இடது பக்கம் போகும்போது அவளும் இடது பக்கம் சட்டென்று திருப்பினாள். நேரம் தப்பிவிட்டது. சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. பக்கத்தில் வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதோ வேடிக்கை பார்ப்பவள் போலச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணாடியில் சொட்டியது. மறுபடி. இந்தத் தடவை சக்கரத்தோடு சேர்ந்தே மூச்சை விட்டு, சேர்ந்தே திருப்பினாள். ஆட்டம் குறுகியது. டிக். இன்னொரு டிக், கேட்டும் கேட்காமலும். சக்கரம் நடுங்கியது. நின்றது.

நின்றதும் அவள் நினைத்த சந்தோஷம் வரவில்லை. கையில் திடீரென்று கனம் கூடியது போல இருந்தது. அம்மாவின் குவிந்த கைகள்தான் ஞாபகம் வந்தன. இனி மறுபடி ஒரு திருப்புத் திருப்பி ஓட விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து பேரைக் கூப்பிட்டார்கள்.

அவள் கடிகாரத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா குனிந்து பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். நிமிரும்போது மகளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தாள்.

விஜயராஜ் காகிதங்களோடு வந்தான். "எந்திரிங்க, பதினொண்ணே கால் ஆயிட்டு. ராகு காலத்துக்கு முன்ன…"

"நின்னுட்டு" என்றாள் அம்மா.

"என்ன நின்னுட்டு?"

அம்மா கடிகாரத்தைக் காட்டினாள். விஜயராஜின் முகத்தில் ரத்தம் சுண்டியது. ஈரக் கையை உதறிக்கொண்டே வந்த சங்கரபாண்டியும் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ அண்ணாச்சி, பத்திர ஆபீஸ் வாசல்லயா?" என்றான்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றான் விஜயராஜ். காகிதங்களை மடித்தான். "பத்திரம் வேண்டாம். அப்பாவுக்குப் பிடிக்கல. இன்னொரு நாள் பாப்போம்."

இன்னொரு நாள் என்றால், அதுவரைக்கும் கடிகாரம் திரும்பவும் அலமாரிக்குப் போகும். மதினி கூடுதலாக ஒரு நிமிஷம் பார்ப்பாள். இந்தத் தவிப்பு முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தன் கையாலேயே தன் வழியை அடைத்துவிட்டோமே என்று சுதாராணி நின்றாள்.

"ஏலே, அவியளுக்குப் பத்திரமா பிடிக்கல?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "நீ புறப்படும்போது குடுக்கேன்னு சொன்ன. பிள்ளை மடியில இருக்கும்போது ஓட ஆரம்பிச்சுது. பாதி வழியில பேச்ச மாத்துன. இப்ப நின்னுட்டு. இதுக்கு மேல உனக்கு எப்படிச் சொல்லணும்? சீட்டு எழுதிப் போடணுமா?"

விஜயராஜ் அம்மாவைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த கணக்கில் இது சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். நின்றுபோன கடிகாரத்தைப் புது ஆபீஸில் வைக்கவும் முடியாது. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை அசங்காமல் எடுத்தான்.

"வாங்கிக்கோ சுதா. எம் மேல கோவப்படாதீங்கன்னு சொல்லு அப்பாகிட்ட."

அவள் அவனைவிட அசங்காமல் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை, அம்மாவின் ரேகை, சங்கரபாண்டியின் சாட்சி. வெளியே வந்தபோது இன்னும் பன்னிரண்டு அடிக்கவில்லை. பதிந்தாகிவிட்டது என்றதும் விஜயராஜுக்குத் தெம்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தான். "ஓடாத கடியாரத்துக்கு இவ்வளவு பாடா?" என்று சங்கரபாண்டியிடம் சிரித்தான். காரில் ஏறியதும் ஷெட்டுக்கு எத்தனை தூண் என்று பேச ஆரம்பித்தான்.

பின்சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். சுதாராணி துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே வந்தாள். சொல்லிவிட வேண்டும். இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். அப்பா வரவும் இல்லை, போகவும் இல்லை, நான்தான் என்று. சொன்னால் அம்மாவுக்கு அந்த அரை மணி நேரமும் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால்?

உளுந்து பரப்பிய இடம் வந்தது. காலையில் கத்திய பெண் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கரபாண்டி இந்தத் தடவை ஓரமாக, ஊர்ந்து போனான். அதைத் தாண்டியதும் வேகமெடுத்தான்.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலே, சுதாராணிக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"மதகு வருது. இறுக்கிப் பிடிச்சுக்கோ."

சுதாராணி அம்மாவைப் பார்த்தாள். பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அம்மாவின் இடது கை மடியைத் தாண்டி வந்து துண்டின்மேல், கைப்பிடி இருந்த இடத்தில், அழுந்தியது. விரலில் ரேகை மை இன்னும் காயாமல் இருந்தது. சங்கரபாண்டி ஒடித்துத் திருப்பினான். மூன்று கைகளுக்கு நடுவில் கடிகாரம் ஒரு நூல்கூட அசையவில்லை.